பொன்னாடைக்கு முன் பதிவேட்டைப் புரட்டுங்கள்

சிற்றூர் உயர்நிலைப் பள்ளிகளில் நூற்றாண்டு விழாவோ ஆண்டு விழாவோ எது நடந்தாலும், அழைப்பிதழில் இப்போது ஒரு வரி தவறுவதில்லை: ‘சாதனை படைத்த முன்னாள் மாணவர்களுக்குப் பாராட்டு’. ஆட்சியர் ஆனவர், இதய அறுவைச் சிகிச்சை செய்பவர், டல்லாஸில் மென்பொருள் நிறுவனம் வைத்திருப்பவர், திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவர், நீதிபதி, திரைப்பட இயக்குநர் என்று ஒரு பட்டியல் தயாராகிறது. பொன்னாடை, சந்தன மாலை, கேடயம், உரை, குழுப்படம். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி.

இதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. படித்த பள்ளியை மறக்காமல் வந்திருக்கிறார்கள், ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நான்கு நியாயங்கள் நிற்கின்றன. வென்றவரைக் கண்ணால் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஊக்கம் வரும். இது நன்றிக்கடன். பாராட்டினால்தான் பள்ளிக்குக் காசு வரும். அரசுப் பள்ளி என்றாலே இளக்காரமாகப் பார்க்கிற காலத்தில், இங்கிருந்தும் பெரிய ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊருக்குக் காட்டியாக வேண்டும்.

நான்கும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவை. நான்கும் பிழை என்பது என் கட்சி. பாராட்டப்படுகிறவர்கள் மீது எனக்கு வழக்கு இல்லை. அவர்கள் உழைத்துத்தான் வந்தார்கள். எந்த அளவுகோலை வைத்து அவர்களைத் தேர்ந்தெடுக்கிறோம், அந்தத் தேர்வின் வழியாக மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறோம் என்பதுதான் வழக்கு.

விழா நாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பத்து மணி விழாவுக்கு எட்டரைக்கே பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பந்தல் நிழல் மேடைக்கும் முதல் நான்கு வரிசை நாற்காலிகளுக்கும்தான். அதற்குப் பின்னால் வெயில். வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நிற்கிறார்கள். வரவேற்பு நடனத்துக்காக இரண்டு வாரம் மதிய வகுப்புகள் போய்விட்டன. ஃப்ளெக்ஸில் முகங்கள் பதவிக்குத் தக்கபடி பெரிதும் சிறிதுமாக இருக்கின்றன. பொன்னாடைத் தட்டை ஏந்தி நிற்கும் பெண்ணுக்கு, அதைப் பெறுகிறவர் என்ன செய்தார் என்பது தெரியாது. தட்டை எந்தப் பக்கம் நீட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மேடையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கீழே மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

பிள்ளைகள் எதையும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைப்பது பெரியவர்களின் சௌகரியம். யார் மேடையில், யார் கீழே, யாருடைய படம் பெரிது என்பதை அவர்கள் மணி அடிப்பதற்குள் படித்துவிடுவார்கள். ஊரைவிட்டு எவ்வளவு தூரம் போனாயோ அவ்வளவு பெரிய ஆள் என்பதுதான் அந்தப் பாடம். மேடையில் இருக்கும் எட்டுப் பேரில் இதே ஊரில் வாழ்கிறவர் பெரும்பாலும் ஒருவர்கூட இருப்பதில்லை.

முதல் நியாயம் ஊக்கம். அதைத் தருவதாகச் சொல்லப்படும் உரையைக் கேட்போம். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தேன், ஆறு கிலோமீட்டர் நடந்தே வந்தேன், விடாமுயற்சியால் உயர்ந்தேன், உங்களாலும் முடியும். ஆளும் பதவியும் மாறும், உரை மாறாது. சொல்பவரின் வறுமையில் பொய் இல்லை. ஆனால் உரையில் விட்டுப்போனவை ஏராளம். 1956-இல் காமராசர் ஆட்சியில் வந்த மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, இலவசப் பேருந்து அட்டை, ஆதிதிராவிடர் நல விடுதியும் பிற்படுத்தப்பட்டோர் விடுதியும், கல்வி உதவித்தொகை, இடஒதுக்கீடு, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை. மேடையில் இருக்கிறவர்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் மேலே வந்தவர் அபூர்வம். உரையிலோ இவற்றில் ஒன்றுகூட வருவதில்லை. தம்பி படிக்கட்டும் என்று எட்டாம் வகுப்போடு தறிக்குப் போன அக்காவும் வருவதில்லை.

ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாமை எந்தப் பள்ளி விழாவிலும் மேற்கோள் காட்டாமல் விடமாட்டார்கள். கலாம் தன் கதையைத் தனியாள் சாகசமாகச் சொன்னவர் இல்லை. சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் போதாமல் நின்றபோது சகோதரி ஜோஹ்ரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததை அவரே எழுதியிருக்கிறார். ராமேஸ்வரத்தில் தன்னை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்ட சிவசுப்பிரமணிய ஐயர், ராமநாதபுரத்தில் கைதூக்கிவிட்ட ஆசிரியர் அய்யாதுரை சாலமன், சகோதரியின் கணவர் ஜலாலுதீன், செய்தித்தாள் முகவராக இருந்த உறவினர் சம்சுதீன் என்று கடன்பட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். கலாமின் பெயரை எடுத்துக்கொண்ட நம் விழாக்கள் அந்த நேர்மையை எடுத்துக்கொள்ளவில்லை. ஜோஹ்ராவின் நகை இல்லாமல் எம்.ஐ.டி. மாணவர் கலாம் இல்லை. ஆனால் எந்தச் சாதனையாளர் பட்டியலிலும் ஜோஹ்ராக்களுக்கு இடம் கிடையாது.

உதவிகளை மறைத்துவிட்டு முயற்சியை மட்டும் சொல்லும் உரைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. முயன்றவர் எல்லோரும் வெல்வார் என்றால், வெல்லாதவர் முயலவில்லை என்றாகிவிடுகிறது. அப்பாவின் குடியால் வீட்டில் தூங்க முடியாத பையன், மாதத்தில் பத்து நாள் அம்மாவோடு கரும்பு வெட்டப் போகும் பெண், இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லாமல் பிளஸ் டூ எழுதும் வகுப்பு, எல்லோரும் அந்த உரையைக் கேட்கிறார்கள். உன் தோல்விக்கு நீயே பொறுப்பு என்றுதான் அது அவர்கள் காதில் விழுகிறது. இதற்குப் பெயர் ஊக்கமா?

வென்றவரைப் பார்த்தால் பிள்ளைகளின் ஆசை வளரும் என்பதே உண்மைதானா? உண்மைதான், ஆனால் நாம் செய்கிற விதத்தில் இல்லை. மேற்கு வங்கத்தில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு சுழற்சி முறையில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 495 கிராமங்களில் இதன் விளைவை எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து பெண் தலைவர் இருந்த ஊர்களில், பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துப் பெற்றோர் வைத்திருந்த ஆசையில் ஆண், பெண் இடைவெளி 25 சதவீதம் குறைந்தது. பதின்பருவத்தினரிடம் 32 சதவீதம் குறைந்தது. படிப்பில் இருந்த இடைவெளியே மறைந்தது. பெண்பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிட்ட நேரமும் குறைந்தது.

அந்தப் பெண் தலைவர்கள் காரில் வந்து உரையாற்றிவிட்டுப் போனவர்கள் இல்லை. அதே ஊரில் குடியிருந்து, குழாயடிச் சண்டையைத் தீர்த்து, சாலைக்குக் கையெழுத்துப் போட்டு, ஆண்டுக்கணக்கில் கண்முன் வேலை செய்தவர்கள். ஒருமுறை பெண் தலைவர் வந்த ஊர்களில் இந்த மாற்றம் வரவில்லை. இரண்டாவது முறையும் வந்த பிறகே வந்தது. ஐந்தாண்டு பதவியே போதாமல் போன இடத்தில் நம் விழாக்குழு ஒரு முற்பகலையும் ஒரு கேடயத்தையும் வைத்துக்கொண்டு ஊக்கம் ஊட்டிவிட்டதாகக் கணக்கு எழுதுகிறது.

அடுத்து, யார் சாதனையாளர் என்பதை யார், எப்போது தீர்மானிப்பது? கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளிக்குக் கணிதமேதை ராமானுஜனைவிடப் பெரிய பெருமை இல்லை. ஆனால் 1911-இல் அந்தப் பள்ளி முன்னாள் மாணவர் பாராட்டு விழா நடத்தியிருந்தால் ராமானுஜனைக் கூப்பிட்டிருக்குமா? பள்ளியை விட்டு ஏழு ஆண்டு கழிந்திருந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிருந்தது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தேறவில்லை. உருப்படியான வேலை இல்லை. துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்ததே 1912-இல்தான். விழாக்குழுவின் கண்ணில் அவர் படிப்பில் தோற்ற பையன். அவரோடு படித்துத் தாசில்தார் ஆன யாரோ ஒருவர் மேடையில் இருந்திருப்பார்.

அந்தப் பள்ளி செய்த உண்மையான மரியாதை வேறு. 1904-இல், ராமானுஜன் மாணவராக இருக்கும்போதே, தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவருக்குக் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசைக் கொடுத்தார். உலகம் அறியும் முன்னால், வகுப்பறையில் இருக்கும்போதே அடையாளம் கண்டார். பிறகு வந்த மோசமான ஆண்டுகளில் திருக்கோயிலூரில் துணை ஆட்சியராக இருந்த ராமசாமி ஐயரும், மாதாமாதம் 25 ரூபாய் கொடுத்த ராமச்சந்திர ராவும் அவரைத் தாங்கினார்கள். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆன பிறகு பொன்னாடை போர்த்த ஆயிரம் பேர் கிடைப்பார்கள். எஃப்.ஏ. தோற்றவனுக்கு 25 ரூபாய் கொடுக்க எத்தனை பேர் கிடைப்பார்கள்? பள்ளிக்கும் அதன் பழைய மாணவர்களுக்கும் வேலை இருப்பது அந்த இடைப்பட்ட ஆண்டுகளில்.

காமராசரையே பாருங்கள். விருதுநகர் சத்திரிய வித்யாசாலையில் படிப்பைப் பாதியில் விட்டவர். பள்ளிக் கணக்கில் அவர் இடைநின்ற மாணவர். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அவர் செய்ததைச் செய்த பட்டதாரி ஒருவர் இருந்தால் காட்டுங்கள்.

2017-இல் தமிழக அரசு பொதுத்தேர்வில் மாநில ‘ரேங்க்’ அறிவிப்பதை நிறுத்தியது. முதலிடத்தைத் துரத்தும் ஓட்டம் பிள்ளைகளை நசுக்குகிறது என்பதால் எடுத்த முடிவு, நல்ல முடிவு. தலைமையாசிரியர் அறையில் 500-க்கு இத்தனை, 1200-க்கு இத்தனை என்று வெள்ளை எழுத்தில் பெயர் எழுதிய பலகைகள் அதன் பிறகு பல பள்ளிகளில் அப்படியே நின்றுவிட்டன. முன்வாசல் வழியாகப் போன அந்த ரேங்க் பட்டியல் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது, மதிப்பெண் இருந்த இடத்தில் பதவியும் சம்பளமுமாக. பதினாறு வயதில் தீங்கு என்று நாம் ஒதுக்கியது நாற்பத்தைந்து வயதில் எப்படிப் பண்பாடு ஆனது?

இரண்டாவது நியாயம் நன்றிக்கடன். யார் யாருக்குப் பட்ட கடன்? படித்தவர் பள்ளிக்குப் பட்ட கடன்தானே? அப்படியென்றால் பள்ளி எதற்காக அவருக்குக் கேடயம் கொடுக்க வேண்டும்? கடன் கொடுத்தவர் வாங்கியவருக்கு மாலை போடுகிற விசித்திரம் வேறெங்கும் இல்லை. இந்த விஷயத்தில் பேட்ச் பேட்சாக வாட்ஸ்அப் குழு வைத்து வெள்ளிவிழா சந்திப்பு நடத்துகிறவர்கள் விழாக்குழுக்களைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு பழைய பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதைக் கிண்டல் செய்யலாம். ஆனால் அங்கே வாத்தியாருக்குத்தான் பொன்னாடை, மாணவருக்கு இல்லை. லாரி ஓட்டுகிறவரும் பேராசிரியரும் அன்றைக்கு ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள். அந்தச் சந்திப்புகளிலும் சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் சாம்பார் காய்ச்சிய அம்மாவையும், இரவுக் காவலரையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். இனி மறக்காமல் இருந்தால் குறையில்லை.

மூன்றாவது நியாயம் காசு. பாராட்டினால்தான் வசதி படைத்தவர்கள் கொடுப்பார்கள் என்கிறார்கள். கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. எதைக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெயர் பொறித்த நுழைவாயில் வளைவு, கலையரங்க மேடை, சிலை, கல்வெட்டு வைக்க இடமுள்ள வகுப்பறைக் கட்டடம். பெண்கள் கழிப்பறையைத் தினமும் கழுவ ஓர் ஆளுக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்க யாரும் முன்வருவதில்லை, அதில் கல்வெட்டு பதிக்க இடம் கிடையாது. மேடையில் வாங்கும் நன்கொடை மேடையில் காட்டத் தக்க பொருளாகவே வரும். பள்ளியின் தேவைகளோ பெரும்பாலும் காட்டத் தகாதவை: நாப்கின் எரிப்பான், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, ஆய்வகத்துக்கு வேதிப்பொருள், ஒழுகும் கூரைக்கு ஓடு.

ஊரிடம் கேட்டு வாங்குவதில் தமிழ்நாட்டுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் உண்டு. 1950-களின் கடைசியில் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, காமராசர் அரசின் ஆதரவோடு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். பிறகு ஊர் கூடி அதை ஏற்றுக்கொண்டது. ஒருவர் கரும்பலகை, ஒருவர் கடிகாரம், ஒருவர் பெஞ்சு, சிலர் பிள்ளைகளுக்குச் சீருடை. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் இல்லை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத விவசாயிகளும் சிறுகடைக்காரர்களும் இருந்தார்கள். இன்றும் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில், பள்ளியின் தேவையைப் பார்த்துப் பணம் செலுத்த வழி இருக்கிறது. பொன்னாடை போர்த்தினால்தான் பணம் கொடுப்பேன் என்கிறவரின் பணத்துக்காக அறுநூறு பிள்ளைகளை வெயிலில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

நான்காவது நியாயம்தான் நான்கில் கனமானது. ஊரெல்லாம் மெட்ரிக் பள்ளி வேன்கள் ஓடுகின்றன. அரசுப் பள்ளியில் படித்தால் எதிர்காலம் இல்லை என்ற பேச்சு தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் நம் விண்வெளி விஞ்ஞானிகள் மயில்சாமி அண்ணாதுரையும் நிகர் ஷாஜியும் காட்டப்படுகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடி, செங்கோட்டை, குமரி மாவட்டத்துச் சரக்கல்விளை என்று சிற்றூர்களிலிருந்தும் அரசுப் பள்ளிகளிலிருந்தும் சந்திரயானுக்கும் ஆதித்யாவுக்கும் தலைமை தாங்கியவர்களும் இஸ்ரோ தலைவராக இருந்தவரும் வந்தது பெருமைதான். 2023 அக்டோபர் 2 அன்று தமிழக அரசு ஒன்பது விண்வெளி விஞ்ஞானிகளைப் பாராட்டி ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் அளித்தது. அதே மேடையில் ஏழை மாணவர்களின் உயர்கல்விக்கு 10 கோடி ரூபாயில் ஒரு நிதியும் அறிவிக்கப்பட்டது. இரண்டில் எது அடுத்த தலைமுறையை உருவாக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்தப் பெயர்களைச் சொல்லி வேனை நிறுத்த முடியாது. பெற்றோர் கேட்பது எளிய கேள்விகள். எல்லாப் பாடத்துக்கும் வாத்தியார் இருக்கிறாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பெண்பிள்ளை பயமில்லாமல் வந்துபோக முடியுமா, என் பிள்ளை பிழையில்லாமல் வாசிக்குமா? முப்பது வருடத்துக்கு முன்னால் படித்தவர் விஞ்ஞானி ஆனது இவற்றில் எதற்கும் விடை சொல்லாது.

அதைவிட, இது எதிராளியின் ஆடுகளத்தில் இறங்கி ஆடும் ஆட்டம். சாதித்தவரின் படத்தைப் பெரிதாகப் போட்டுப் பள்ளியை விற்பது தனியார் பள்ளியின் தொழில். நுழைவுத் தேர்வு வைத்து எடுப்பார்கள், ஒன்பதாம் வகுப்பில் தேறாதவனை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவார்கள், மிஞ்சியவர்களின் மதிப்பெண்ணை ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள். அந்த அளவுகோலில் அவர்களைத் தோற்கடிக்க முடியாது. அரசுப் பள்ளியின் மானம் வேறிடத்தில் இருக்கிறது: வாசலுக்கு வந்த எந்தப் பிள்ளையையும் அது திருப்பி அனுப்பியதில்லை. அவர்கள் துரத்திய பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பத்தாம் வகுப்புத் தேற வைப்பது ஒருவரை ஐ.ஏ.எஸ். ஆக்குவதைவிடக் கடினமான வேலை. அதைச் செய்கிற பள்ளி, தான் செய்யாத வேலைக்குப் பட்டம் தேடி அலைவது தன் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அடுத்த வீட்டு இலையை எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மேலே கொண்டுபோவது எது என்பதற்கு அண்மைக்காலச் சான்றே இருக்கிறது. 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. விரல்விட்டு எண்ணும் அளவில் மருத்துவ இடம் பெற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த ஒரே ஆண்டில் நானூறு பேர் அளவுக்கு உள்ளே போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் மருத்துவரான முன்னாள் மாணவர்கள் மேடையேறி உங்களாலும் முடியும் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பேச்சு திறக்காத கதவைச் சட்டம் திறந்தது.

சரி, யாரையுமே பாராட்டக் கூடாதா? தாராளமாகப் பாராட்டலாம், அளவுகோலை மாற்றிக்கொண்டு. ஊரைவிட்டுப் போய் என்ன ஆனார் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பள்ளியில் பெற்றதைப் பள்ளிக்கும் ஊருக்கும் எப்படித் திருப்பினார் என்று கேளுங்கள். விடைகள் பக்கத்திலேயே கிடைக்கும். 2022-இல் காலி இடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது, பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாயும் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாயும்தான் தொகுப்பூதியம். அந்தக் காசுக்கு வந்து பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த பெண்களில் அதே பள்ளியில் படித்தவர்கள் எத்தனையோ பேர். 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய்க்கு மாலை நேரம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தவர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். பொதுமுடக்கத்தில் படிப்பை மறந்த ஒரு தலைமுறையைக் கைப்பிடித்துத் தூக்கியவர்களில் அவர்களும் உண்டு. ‘சாதனை படைத்த முன்னாள் மாணவர்’ என்ற பட்டத்துக்கு இவர்களிடம் இல்லாதது என்ன, கார் ஒன்றைத் தவிர?

பெரிய பதவியில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. அவர்களை மைதானத்துக்குக் கூப்பிடாமல் வகுப்பறைக்குக் கூப்பிடுங்கள். ஒரு பாடவேளை, நாற்பது பிள்ளைகள், மாலை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்த உதவித்தொகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும், விடுதியில் இடம் எப்படி வாங்குவது, தான் எதில் தோற்றார், அப்போது யார் தாங்கினார்கள் என்று அவர் சொல்லட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். அடுத்த மாதமும் வரட்டும். வர முடியாதவர் தொலைபேசி எண்ணையாவது கொடுத்துவிட்டுப் போகட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இப்போது இடம் உண்டு. மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து கழிப்பறையைப் பற்றிப் பேசுகிறவருக்கு நானே பொன்னாடை வாங்கித் தருவேன்.

கடைசியாக, பள்ளிக்கூட அலமாரியில் இருக்கும் சேர்க்கைப் பதிவேட்டுக்கு வருகிறேன். சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி, தந்தையின் தொழில், சேர்ந்த வகுப்பு, விலகிய நாள் என்று கட்டங்கள் போகும். கடைசிப் பக்கமாக ஒரு கட்டம் உண்டு: விலகிய காரணம். படிப்பு முடிந்தது என்று அதில் எழுதப்பட்டவர்களிலிருந்துதான் விழாக்குழு பட்டியல் எடுக்கிறது. நீண்ட நாள் வரவில்லை, குடும்பம் வேறு ஊர் போனது என்று எழுதப்பட்ட வரிகளை யாரும் புரட்டுவதில்லை. திருமணம் ஆனதால் நின்ற பெண்ணுக்கு அந்தக் காரணத்தைக்கூடப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அவர்களும் அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள்தான். வென்றவரில் பள்ளிக்குப் பங்கு உண்டென்றால் இவர்களிலும் பங்கு உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவது கணக்கில் நேர்மை ஆகாது.

முன்னாள் மாணவர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு விழாச் செலவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு முடிவு வெளியான மறுநாள் பள்ளிக்குப் போய், தேறாதவர்களின் பெயரை வாங்குங்கள். துணைத் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் சங்கத்தில் ஒருவர் பொறுப்பேற்று, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசி, விண்ணப்பம் போட வைத்து, தேர்வு நாளில் மையம்வரை கூட்டிப் போங்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கும் சேராமல் நிற்பவர்களைத் தேடிக் கல்லூரியில் சேர்க்க அரசே ‘உயர்வுக்குப் படி’ முகாம்களை நடத்துகிறது. அந்த முகாமுக்கு உங்கள் ஊர்ப் பிள்ளைகளை அழைத்துப் போக வண்டி ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் யாரையும் பாராட்ட வேண்டாம். இத்தனை பேர் தோற்றிருந்தார்கள், இத்தனை பேர் தேறிவிட்டார்கள், இத்தனை பேரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று மூன்று எண்களை மட்டும் ஒலிபெருக்கியில் வாசியுங்கள். ஒரு பள்ளி தன் முன்னாள் மாணவர்களால் பெருமை அடைந்தது என்று சொல்ல அந்த மூன்று எண்கள் போதும்.